சொல்லாமல் வளர்த்த மூன்று பூனைகள்: அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது நியாயம்?

கேள்வி: அஸ்தினாபுரம் மாடி

வணக்கம். குரோம்பேட்டை அஸ்தினாபுரத்தில் எங்கள் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு. நாங்கள் செங்கல்பட்டில் இருப்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க முடிவதில்லை. கீழ் போர்ஷனில் இருக்கும் பெரியவர்கள் யார் விஷயத்திலும் தலையிட மாட்டார்கள்.

மாடியில் இருப்பது கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள். வாடகை 16,000. அட்வான்ஸ் 80,000. வீடு பார்க்க வந்த அன்றே புரோக்கரை வைத்துக்கொண்டு கேட்டேன், "நாய், பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று. "இல்லைங்க, எங்களுக்கு அதெல்லாம் பழக்கம் இல்லை" என்றார் அந்தம்மா. அக்ரிமெண்டில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஸ்டாம்ப் வெண்டர் கடையில் வழக்கமாக அடித்துக் கொடுக்கிற 11 மாத அக்ரிமெண்ட். உள்வாடகைக்கு விடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும், அவ்வளவுதான்.

போன மாதம் டேங்க் குழாயில் கசிவு என்று பிளம்பரை அனுப்பினேன். வேலை முடித்துவிட்டு அவர் போனில் சொன்னார்: "அக்கா, உள்ள பூனை நாத்தம் குடலைப் புரட்டுது." மறுநாள் நானே போனேன். பக்கத்து வீட்டுப் பூனை எப்போதாவது வரும் என்றார்கள். கட்டிலுக்கு அடியில் மணல் கொட்டிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூன்று பூனைகள் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். வந்த நாளிலிருந்தே இருக்கிறதாம்.

இப்போது அவர்களே மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்த்த சேதம் இவ்வளவு: சின்ன ரூம் கப்போர்டின் அடிப்பலகை உப்பி, மைக்கா உரிந்து நிற்கிறது. தேக்குக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகக்கீறல். இரண்டு ஜன்னலில் கொசுவலை கிழிந்திருக்கிறது. பின் பால்கனியில் நிற்கவே முடியவில்லை. தரையைத் துடைத்த பிறகும் வாடை அப்படியே இருக்கிறது.

பெயிண்டிங் போக மீதி அத்தனையும் வேண்டும் என்கிறார் அந்தம்மாவின் கணவர். "பூனை வளர்க்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல எங்க இருக்கு?" என்று கேட்கிறார். என் தம்பியோ ஒரு பைசா திருப்பித் தராதே என்கிறான். வாடகையை ஒரு மாதம்கூடத் தாமதிக்காமல் கொடுத்தவர்கள் அவர்கள். நான் வைத்துவிட்டு வந்த செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றி நன்றாகவே வளர்த்திருக்கிறார்கள். பூனை என்றால் எனக்கு வெறுப்பும் கிடையாது. முகத்துக்கு நேராகக் கேட்டபோது இல்லை என்றார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நியாயமாக எவ்வளவு பிடிக்கலாம்? பொய் சொன்னதற்கு என்று தனியாக ஏதாவது பிடிக்க முடியுமா? இந்த நாற்றம் போகுமா, போகாதா?

பதில்: போரூர் ஓனர்

மேடம், உங்க தம்பி சொல்றதுதான் சரி. பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்தவங்களுக்கு எதுக்குக் கணக்கு? 80,000-ஐயும் வச்சுக்குங்க. தகராறு பண்ணினா ஃபியூஸைப் பிடுங்கிடுங்க, தண்ணி மோட்டாரை நிறுத்திடுங்க. ரெண்டே நாள்ல சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க.

பதில்: கொளத்தூர் மூன்று போர்ஷன்

அம்மா, மேலே சொன்ன ஃபியூஸ் யோசனையைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017-ல் இயற்றிய சட்டம் அது. குடியிருப்பவரின் மின்சாரத்தையோ தண்ணீரையோ வீட்டுக்காரர் நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போகலாம். அப்புறம் சேதக் கணக்கு கேட்டுப் போன நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டு வருகிறோம். நாய், பூனை, கிளி, ஒரு முறை ஆமைகூடப் பார்த்தாகிவிட்டது. உங்கள் கேள்வியில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. அவர்கள் பொய் சொன்னது ஒன்று. வீட்டுக்கு ஏற்பட்ட சேதம் இன்னொன்று. பொய் சொன்னவர்களை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கலாம், அக்ரிமெண்டைப் புதுப்பிக்க மறுக்கலாம். அவர்களே கிளம்புகிறார்கள், அந்த வழக்கு அதோடு தீர்ந்தது. அட்வான்ஸ் அவர்கள் பணம், உங்களிடம் பொறுப்பாக இருக்கிறது. அதில் வாடகை பாக்கி, கரண்ட் பில், வீட்டுக்கு அவர்களால் வந்த நஷ்டம் இவற்றைக் கழிக்கலாம். கோபத்துக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்க இடமில்லை. நான் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கும்.

"அக்ரிமெண்டில் இல்லையே" என்று அவர் சொல்வதும் எடுபடாது. பூனைக்குத் தடை இருந்ததா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. அவர் மகள் இஸ்திரிப் பெட்டியால் கதவைச் சுட்டிருந்தாலும் அவர்தானே பொறுப்பு? அதே போலத்தான் இதுவும்.

புதிய சட்டப்படி, எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்களுடையது ஐந்து மாதம், அக்ரிமெண்டில் எழுதியிருப்பீர்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று நம் ஊரில் சொல்வது வழக்கமாகிவிட்டது, அது கூடாது.

இனி வேலைக்கு வருவோம். அவர்கள் சாமான் ஏற்றிய பிறகு, சாவி வாங்குவதற்கு முன்னால், அவர்களை வைத்துக்கொண்டே வீட்டைப் பாருங்கள். அன்று காலையிலிருந்து ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருக்கட்டும். ஊதுவத்தி, ரூம் ஸ்ப்ரே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிச்சம் போன பிறகு கள்ள நோட்டு பார்க்கிற நீல டார்ச்சை அடித்துப் பாருங்கள். பூனை மூத்திரம் காய்ந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற சுவரில்கூட, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கோடு கோடாக வழிந்திருப்பது தெரியும். சோப்புக் கறை, வேறு சில கறைகளும் ஒளிரும் என்பதால் மூக்கை வைத்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்தையும் போட்டோ எடுத்து, அங்கேயே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அவர்களும் பார்த்த இடத்தைப் பற்றிப் பிறகு வாக்குவாதம் வராது.

நாற்றம் போகுமா என்றீர்கள். போகும், ஆனால் பினாயில் ஊற்றினால் போகாது. பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் உப்புப்போலப் படிந்துவிடும், தண்ணீரில் சுலபமாகக் கரையாது. காய்ந்திருக்கும்போது வாடை தெரியாது, ஐப்பசியில் காற்று ஈரமானதும் மறுபடி எழும்பி வரும். கோடையில் வீடு பார்த்துவிட்டுப் போன ஆள் மழைக்காலத்தில் போன் செய்து, "என்ன சார் இது?" என்று கேட்பது இதனால்தான். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். மூத்திரத்து அமோனியாவோடு அது சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. பாத்ரூம் ஆசிட் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டை அரித்து, அடுத்த முறை இன்னும் ஆழமாக இறங்க வழி செய்துவிடும். பினாயில் பூனைகளுக்கு விஷம், அவை இன்னும் அங்கே இருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் என்று விற்கிறார்கள். அதை இடம் நன்றாக ஊறும்படி ஊற்றி, மேலே ஒரு ஈரத்துணி போட்டு ராத்திரி முழுக்க விட வேண்டும். ஸ்ப்ரே அடித்து உடனே துடைத்தால் பயன் இல்லை. உங்கள் பால்கனியில் நாற்றம் டைல்ஸில் இருக்காது, இடுக்கில்தான் இருக்கும். ஊற வைத்த பிறகும் வாடை நின்றால் இடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிமெண்டுக்குப் பதிலாக இடுக்கை நிரப்புகிற எபாக்ஸி கிரௌட் போடச் சொல்லுங்கள், அது ஈரத்தை உறிஞ்சாது. சுவரில் வாடை இருக்கும் இடத்தில் நேரடியாக எமல்ஷன் அடித்தால் பெயிண்டையும் தாண்டி வரும். முதலில் கறை தடுக்கிற ஆயில் பிரைமர் ஒரு கோட்டு அடித்தாக வேண்டும்.

கப்போர்டு பற்றி: அடிப்பலகையை ஒரு ஓரத்தில் கழற்றி, கார்பெண்டரை விட்டு முறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண கமர்ஷியல் பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும், அதைக் காப்பாற்ற முடியாது. பலகையை மட்டும் மாற்றினால் போதுமா, பின்பக்க ஷீட்டும் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். கப்போர்டையே புதிதாகப் போடுகிறேன் என்று அவர்கள் பணத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். மாற்றும்போது வாட்டர்புரூஃப் ரகம் வேண்டும் என்றால் அந்த விலை வித்தியாசம் உங்கள் செலவு.

வயதையும் கழிக்க வேண்டும். பழைய பலகைக்குப் புதுப் பலகை விலை கேட்பது நியாயம் ஆகாது. நான் செய்வது இப்படி: மரம், மைக்கா விலையில் அதன் வயதுக்கு ஏற்ப குறைத்துக்கொள்வேன். கூலி முழுவதும் அவர்கள் தலையில், ஏனென்றால் பூனை இல்லாமல் இருந்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. கொசுவலை வெயிலில் தானாகவே நைந்து போகிற பொருள், பாதி பிடித்தால் போதும். தேக்குக் கதவுக்குக் கவலை வேண்டாம். கீறல் ஆழம் பார்த்து உப்புத்தாள் போட்டு, பட்டி நிரப்பி, பாலிஷ் அடித்தால் கண்டுபிடிக்க முடியாது. மாமனார் செய்து வைத்த கதவு என்றால் அவசரப்பட்டு மாற்றவும் மாற்றாதீர்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. தெள்ளுப்பூச்சி. காலி வீட்டில் அதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். புது ஆள் குடிவந்து நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே வந்து காலைக் கடிக்கும். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு எல்லா ரூமிலும் நடந்து பாருங்கள், கறுப்புப் புள்ளி துள்ளினால் மருந்து அடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு விட வேண்டும்.

கடைசியாகப் பெயிண்டிங். ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னை வழக்கம். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை என்றுதான் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. உங்கள் அக்ரிமெண்டில் எழுதியிருப்பதால் பிடிக்கலாம். ஆனால் அந்த 16,000-ஐப் பிடித்துவிட்டு, சுவர்க் கறைக்கு என்று தனியாக இன்னொரு தொகையும் பிடித்தால் ஒரே சுவருக்கு இரண்டு முறை காசு வாங்கியதாகிவிடும். ஆயில் பிரைமரும் அந்தப் பணத்துக்குள்ளேயே அடங்கட்டும்.

பதில்: வேளச்சேரி, வீட்டில் ஒரு நாய்

நான் குடியிருக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பது. நான் ஒவ்வொரு இடத்திலும் முதல் போனிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள். புரோக்கர்களே, "மேடம், குடிவந்தப்புறம் சொல்லிக்கலாம், இப்ப வாயைத் திறக்காதீங்க" என்று கற்றுக்கொடுப்பார்கள். அதனால் உங்கள் குடித்தனக்காரர்கள் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறுதான். ஒரு வீட்டில் மறைத்து வைத்து இப்படி நாற விட்டுப் போனால், அந்த ஓனர் அடுத்து என்னைப் போல உண்மையைச் சொல்லி வருகிறவர்களுக்கு வீடு தர மாட்டார். எங்களுக்குக் கிடைக்கிற வீடுகளை இப்படிப்பட்டவர்கள்தான் குறைக்கிறார்கள்.

இப்போது இருக்கிற வீட்டின் ஓனரம்மாவிடம் நாயின் ரேபிஸ் தடுப்பூசி அட்டையையும் மாநகராட்சி லைசென்ஸையும் காட்டினேன். அவர் பயந்தது கடியைப் பற்றி இல்லை, பாலிஷ் போட்ட தரையைப் பற்றித்தான். நகத்தை வெட்டி வைக்கிறேன், ஹாலில் பாய் விரிக்கிறேன், காலி செய்யும்போது தரையை உங்கள் ஆளை வைத்தே பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பார்ட்மென்ட் சங்கம் நாய், பூனை வளர்க்கக் கூடாது என்று மொத்தமாகத் தடை போட முடியாது. ஓட்டுப் போட்டு முடிவெடுத்தாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது சங்கத்துக்குச் சொன்னது. தன் வீட்டை யாருக்கு, என்ன நிபந்தனையில் விடுவது என்பது ஓனருக்கும் குடிவருகிறவருக்கும் இடையிலான பேச்சு. அந்த வழிகாட்டுதலைக் காட்டி ஓனரிடம் பொய் சொல்லலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்காவிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காலி செய்யும்வரை, "பூனைகளை இன்றைக்கே வெளியே அனுப்புங்கள்" என்று நெருக்காதீர்கள். கோபத்தில் ஓனர் அப்படிச் சொன்னதும், கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தெருவில் பிழைக்காது. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் தவிக்க விட்டுப் போவது 1960 வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இன்னும் சில நாள்தானே, அவர்களோடேயே புது வீட்டுக்குப் போகட்டும்.

பதில்: அஸ்தினாபுரம் மாடி

வேளச்சேரி தங்கச்சி, பூனைகளை அனுப்பச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். கவலை வேண்டாம்.

கொளத்தூர் ஐயா சொன்னபடி கார்பெண்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முந்தின நாளே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நேரம் சொல்லிவிட்டேன். கப்போர்டு அடிப்பலகையைக் கத்தி முனையால் நெம்பியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பின் ஷீட்டிலும் கீழே முக்கால் அடிக்குக் கறுத்து ஊறியிருக்கிறது. மேலே இருக்கிற தட்டுகள், கதவுகள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது போட்ட கப்போர்டு, எட்டு வருஷம் ஆகிறது. பிளைவுட், மைக்கா, பசை, ஆணி சேர்த்து 4,600, கூலி 3,600 என்றார்.

நீல டார்ச்சும் வாங்கிக்கொண்டு போனேன். சின்ன ரூமில் கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலையும் பால்கனி வாசற்படியும் அப்படியே ஒளிர்ந்தன. பெரிய ரூமில் எதுவுமே இல்லை. ஹாலில் ஓர் இடம் ஒளிர்ந்தது, முகர்ந்து பார்த்தால் வாடை இல்லை. சோப்புத் தண்ணீர் காய்ந்த கறை என்றார் அந்தம்மா, விட்டுவிட்டேன்.

அவர் கணவர் இப்போதும், "சேதத்தை எங்க பூனைதான் பண்ணுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஆலந்தூர் குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், வாடகை விவகாரங்கள் நிறைய வரும். அவர் பூனை இருப்பதை வாட்ஸ்அப்பில் எங்காவது ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பேச்சை அழிக்காமல் வையுங்கள். குடிவரும்போது எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. டூலெட் விளம்பரத்துக்கு எடுத்த படங்கள் போதும், அதில் கப்போர்டும் கதவும் தெரியுமே. அந்தப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். நகக்கீறல் விழுந்த உயரமே யார் செய்தது என்று சொல்லிவிடும்.

பேசித் தீரவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். ஆனால் உங்கள் அக்ரிமெண்ட் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ததா? ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தது என்றால், அங்கே போகும்போது அந்தக் கேள்விதான் முதலில் வரும். புதிய சட்டத்தில் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அடுத்த ஆளுக்கு விடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

இந்தத் தொகைக்கு நான் சொல்வது, பேசி முடிப்பதே இரண்டு பேருக்கும் நல்லது. பிடித்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பில்லை இணைத்து, "கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டு மீதித் தொகையைப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். மீதியைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி மூலமாக அனுப்புங்கள்.

பதில்: அஸ்தினாபுரம் மாடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று முடிந்தது. டூலெட் போட்டபோது என் மகன் எடுத்த படங்கள் பழைய போனில் கிடைத்தன. கதவு படத்தை அந்த மகள்தான் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்ம பூனைதான், விடுங்க" என்றாள். அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கணக்கு இப்படி: கப்போர்டுக்குப் பலகை விலையில் பாதி 2,300, கூலி 3,600. கதவு பாலிஷ் 2,500. கொசுவலை 1,400-ல் பாதி 700. பால்கனி இடுக்கு சுரண்டி எபாக்ஸி போட, கிளீனர் வாங்க 2,400. மொத்தம் 11,500. தெள்ளுப்பூச்சி மருந்துக்கு 1,500 எழுதியிருந்தேன். பூனைகளுக்கு மாதாமாதம் கழுத்தில் மருந்து விடுகிறோம் என்று டாக்டர் சீட்டைக் காட்டினார்கள். சாக்ஸ் போட்டு நடந்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதை அடித்துவிட்டேன். பெயிண்டிங் 16,000, கரண்ட் பில் 1,840. ஆக 29,340 போக 50,660 அங்கேயே நின்று அனுப்பினேன். தாளில் கையெழுத்துப் போட்டார்.

அந்தம்மா கிளம்பும்போது, "சொன்னா வீடு கொடுத்திருக்க மாட்டீங்கன்னுதான் சொல்லலை" என்றார். கொடுத்திருப்பேனா என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று என்றால் யோசித்திருப்பேன். ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். இதை அவரிடமும் சொன்னேன், தலையை ஆட்டினார்.

தம்பிக்கு இன்னும் கோபம். எனக்கு இல்லை. அடுத்த அக்ரிமெண்டில் பிராணிகளைப் பற்றி எழுத வேண்டும். முழுத் தடை போட மனசு வரவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: கொளத்தூர் மூன்று போர்ஷன்

நன்றாக முடித்தீர்கள் அம்மா. தெள்ளுப்பூச்சிப் பணத்தை அடித்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இல்லாத சேதத்துக்குப் பணம் பிடிக்கவில்லை.

எங்கள் அக்ரிமெண்டில் நான் எழுதுவது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"குடியிருப்பவர் வீட்டில் வளர்க்கும் பிராணிகளின் வகையும் எண்ணிக்கையும் இந்த ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டுள்ளன. புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதானால் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பிராணிகளால் மரச்சாமான், கதவு, தரை, கொசுவலை ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யும் செலவு, பொருளின் வயதைக் கழித்து, பில்லின்படி முன்பணத்தில் பிடிக்கப்படும். இதற்கென்று நிலையான தொகை எதுவும் பிடிக்கப்படமாட்டாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரம் முன்பே தெரிவித்து, உரிமையாளர் வீட்டைப் பார்வையிடலாம்."

நாய் என்றால் தடுப்பூசி அட்டை, லைசென்ஸ் நகல் ஒன்றைச் சேர்த்து வாங்கி வையுங்கள். எழுதும்போது அவர்கள் கையாலேயே "பூனை இரண்டு" என்றோ "எதுவும் இல்லை" என்றோ நிரப்பச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் சட்டென்று இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள், பேனாவைக் கையில் கொடுத்தால் கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பூனை இருக்குங்க, பரவாயில்லையா?" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், கப்போர்டு அடிப்பலகை மாற்றும்போது தரையிலிருந்து இரண்டு இன்ச் தூக்கி, கீழே கிரானைட் துண்டு வைத்துப் போடச் சொல்லுங்கள். வீடு கழுவுகிற தண்ணீரும் ஏறாது.